வாசலில் தொங்கிய பாஸ்வேர்டு

எனக்குக் கோவையாக எழுத வராது. எங்கள் ஊர் எரியோட்டில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மறதி வேறு. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் இதை எழுதாமல் இருக்க மனசு கேட்கவில்லை.

திண்டுக்கல்லில் நானும் என் மகளும் மட்டும்தான் இருக்கிறோம். டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் கேட்டு நோயாளிகளின் விவரத்தைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுப்பது அவள் வேலை. வீட்டிலிருந்தபடியே செய்கிறாள். ஒருநாள் காலையில் கம்பெனியிலிருந்து போன் வந்தது. யாரோ அவள் கம்ப்யூட்டரைத் திறக்கப் பார்த்திருக்கிறார்களாம், அதுவும் எங்கள் வீட்டு வைஃபைக்குள் இருந்தே. நாளைக்குள் சரிசெய்யாவிட்டால் வேலை கிடையாது என்றார்கள்.

மகள் வைஃபை பெட்டியில் யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்ற பட்டியலைத் திறந்தாள். எங்களிடம் கம்ப்யூட்டர், அவள் போன், டி.வி. ஆக மூன்றுதான். பட்டியலில் ஐந்து இருந்தது.

"ஏம்மா, பாஸ்வேர்ட யாருக்கும் சொன்னியா?"

"எனக்கே தெரியாதேடி."

"அதுவுஞ் சரிதான். பக்கத்து வீட்டுல கருவேப்பிலை கேக்கவே உனக்கு வாய் வராது."

சிரிக்கத்தான் சிரித்தாள். கண் கலங்கியிருந்தது.

"அப்படி என்னதான் போட்டு வச்சிருக்க?" என்றேன்.

"லைன் குடுக்க வந்தவரு என் செல் நம்பரையே போட்டுட்டுப் போனாரு. எல்லா வீட்டுலயும் அப்படித்தானாம். மறக்காதாம்ல."

நான் எழுந்து வாசலுக்குப் போனேன். மாடி காலியானதிலிருந்து 'வீடு வாடகைக்கு' என்று கேட்டில் ஒரு பலகை தொங்கியது. அதன் கீழே அவள் நம்பர், தெரு முனையிலிருந்தே தெரிகிற மாதிரி சிவப்புப் பெயிண்டில். கம்பியை அவிழ்த்துப் பலகையைக் கொண்டுவந்து கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்தேன். வாயைத் திறந்து சொல்லக் கூச்சமாக இருந்தது.

பலகையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அடியாத்தி! ஊருக்கே எழுதிப் போட்டுல்ல வச்சிருக்கேன்!"

புது பாஸ்வேர்டுக்கு ஒன்றோடொன்று ஒட்டாத நாலு வார்த்தைகளை என்னிடமே கேட்டாள். சொன்னேன். இங்கே எழுதமாட்டேன். பெட்டிக்குள் போய் மாற்றம் செய்வதற்கென்று இன்னொரு பாஸ்வேர்டு உண்டாம். அது கடையிலிருந்து வந்தபடியே கிடந்தது. அதையும் மாற்றினாள். பட்டியல் மூன்றுக்கு வந்தது.

சாயங்காலம் கம்பெனியில் சோதித்துப் பார்த்து, இனி வேலை பார்க்கலாம் என்றார்கள். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று அவள் மேலதிகாரி கேட்டார் போலிருக்கிறது.

"எங்கம்மா சார். அஞ்சாப்புத்தான் படிச்சிருக்காக. ஆனா கண்டுபுடிச்சது அவுகதான்."

அடுப்படியில் நின்ற எனக்கு அது கேட்டது. கேட்டுக்கொண்டே நின்றதில் ரசம் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. எனக்கு அன்று அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

வைஃபைக்குப் பழைய பூட்டை எடுத்துவிட்டுப் புதுவகைப் பூட்டுப் போட்டதாகவும் சொன்னாள். அதற்கு இங்கிலீஷில் மூன்று எழுத்தும் ஒரு நம்பரும் சேர்ந்த பேர். நம்பர் இரண்டா மூன்றா என்று மறந்துபோயிற்று. மகள் உள்ளே வேலையாக இருக்கிறாள், போய்க் கேட்க மனம் வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திக் கொடுங்கள்.