மெசினைக் களவெடுத்தது யார் என்று நான் கேட்கவே இல்லை!

போன திங்கட்கிழமை காலை பொலிஸ் நிலையத்தில் என் மேசைக்கு முன்னால் மூன்று பேர். கதிரை இரண்டுதான்!

ஒன்றில் தவராசா ஐயா. வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் மெசினைப் பறிகொடுத்தவர்.

மற்றதில் பவளம் அக்கா. வயல் வீதியோரம் தேநீர்க்கடை வைத்திருப்பவர். களவைக் "கண்ணால் கண்ட" சாட்சி.

நின்றுகொண்டிருந்தவர் மாரிமுத்து அண்ணை. கூலி வேலை செய்பவர். ஊர்க்காரர்களே ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து ஒப்படைத்திருந்தார்கள். (பெயர்கள் எல்லாம் மாற்றியவை. தேடிப் போகாதீர்கள்!)

"இவன்தான் மேடம். போன கிழமை என்ர வயலிலதான் வேலை செய்தவன். மெசின் எங்க கிடக்கெண்டு இவனுக்குத்தான் தெரியும்," என்றார் தவராசா ஐயா.

"நான் தொடக்கூட இல்லைங்க," என்றார் மாரிமுத்து அண்ணை.  கண் நிலத்தை விட்டு நிமிரவில்லை.

பக்கத்தில் நின்ற எங்கள் சார்ஜன் மெதுவாகச் சொன்னார்: "மேடம், கண்ட சாட்சியே இருக்கு. பிறகு என்ன?"

நான் உப பொலிஸ் பரிசோதகராகி இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. சார்ஜனுக்கு இருபது வருட சேவை. அவர் சொன்னால் தலையாட்டத்தான் தோன்றும்.

ஆனால் எனக்குக் கம்பஸில் நடந்த ஒரு கூத்து ஞாபகம் வந்தது.

குற்றவியல் படித்த மூன்றாம் வருடம். விரிவுரை நடுவில் யாரோ ஒருவன் ஓடிவந்து விரிவுரையாளர் சேரின் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான்! நாங்கள் கத்தினோம். சேர் சிரித்துக்கொண்டே, "கண்டதை எழுதுங்கோ," என்றார். எல்லாம் அவருடைய ஏற்பாடு!

"கறுப்புத் தொப்பி போட்டிருந்தான்" என்று நான் சத்தியம் பண்ணாத குறையாக எழுதினேன்.

அவன் தொப்பியே போடவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்தவள் "தொப்பிக்காரன், தொப்பிக்காரன்" என்று கத்தியதுதான் என் கண்ணுக்குள் போயிருந்தது.

பொய் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. ஆனாலும் எழுதியது பிழை. அந்த வெட்கத்தை எந்தப் புத்தகமும் தந்திருக்காது.

அதனால் திங்கட்கிழமை முதலில் மூன்று பேரையும் தனித்தனியாக இருத்தினேன். (மூன்றாவது கதிரைக்குப் பக்கத்து அறையில் சண்டை பிடித்தேன்!)

பவளம் அக்காவிடம் 'யார்' என்று கேட்கவில்லை. "அண்டைக்குப் பின்னேரம் கடையில என்ன செய்துகொண்டிருந்தனீங்கள்? அதில இருந்து சொல்லுங்கோ அக்கா," என்றேன். குறுக்கே பேசாமல் அவர் சொன்னபடியே எழுதினேன்.

ஐந்து மணி. தேநீர் ஆற்றிக்கொண்டிருந்திருக்கிறார். வீதியில் ஒரு லான்ட்மாஸ்டர், அதுதான் இரண்டு சில்லு உழவு மெசின், போயிருக்கிறது. பின்னால் இழுத்த பெட்டியில் தண்ணீர் மெசின். ஓட்டியது மாரிமுத்து அண்ணையாம்.

பின்னேரம் அதே ஐந்து மணிக்கு நானும் சார்ஜனும் அவருடைய கடைக்குப் போனோம்.

"அக்கா, நீங்கள் நிண்ட இடத்தில நில்லுங்கோ. சார்ஜன் வீதியால வருவார்."

லான்ட்மாஸ்டர் வந்த அதே மேற்குப் பக்கமிருந்து சார்ஜன் மோட்டார் சைக்கிளில் வந்தார். கடை வாசல் மேற்கே பார்த்தது. வெயில் நேரே முகத்தில்!

பவளம் அக்கா கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். பிறகு என்னைப் பார்த்தார். 

"பிள்ளை... எனக்கு ஆளின்ர முகம் தெரியேல்லை."

"அண்டைக்கு?"

"அண்டைக்கும் தெரிஞ்சிருக்காது. ஐயா வந்து மாரிமுத்துதான் எண்டு சொன்னாப் பிறகுதான் எனக்கும் அவன் மாதிரியே பட்டது. ஐயோ, நான் ஒரு மனுசன்ர வாழ்க்கையை..."

அழத் தொடங்கிவிட்டார். நான் அவருடைய கையைப் பிடித்து, "தெரிஞ்சது எது எண்டு மட்டும் யோசியுங்கோ," என்றேன்.

"கடையைத் தாண்டிப் போகேக்கை பெட்டியின்ர பின்பலகையைக் கண்டனான். நீலப் பெயின்ற். ஒரு பக்கம் பலகை இல்லாமல் தகரம் அடிச்சிருந்தது."

"இதை முதலே ஏன் சொல்லேல்லை அக்கா?"

"ஒருத்தரும் கேக்கேல்லையே பிள்ளை!"

திரும்பி வந்தோம். நிலைய வாசலில் இறங்கியதும் சார்ஜன், "மேடம், நீலப் பெட்டி எனக்குத் தெரியும். பரந்தன் பக்கம் ஒண்டு ஓடுது," என்றார். (இருபது வருட சேவையை எந்தக் கம்பஸும் தராது. அதையும் ஒத்துக்கொள்கிறேன்!)

மாரிமுத்து அண்ணையை அன்றிரவே வீட்டுக்கு அனுப்பினேன். அந்த லான்ட்மாஸ்டர்காரர் களவு நடந்த அன்று அதை வேறொருவருக்கு வாடகைக்குக் கொடுத்திருந்தார். புதன்கிழமை மெசின் ஒரு கராஜில் கிடைத்தது. அடிக்காலில் வெல்டிங் செய்த தழும்பைத் தடவிப் பார்த்து, தன்னுடையதுதான் என்றார் தவராசா ஐயா. ஒருவர் கைதானார். வழக்கு நடக்கிறது. அதனால் அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டேன். (இதுவும் படித்ததுதான்!)

பட்டம் எடுத்துவிட்டுப் பொலிஸுக்குப் போகிறாயா என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். போனதற்கு இந்த ஒரு கிழமையே எனக்குப் போதும்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை.

வியாழக்கிழமை மாரிமுத்து அண்ணை நிலையத்துக்கு வந்தார்.

"மேடம், நான் எடுக்கலைன்னு ஒரு கடுதாசி தருவீங்களா?"

"உங்களில ஒரு வழக்கும் இல்லை அண்ணை. கடிதம் எதுக்கு?"

"ஆட்டோவுல ஏத்துனத ஊரே பாத்துச்சுங்க. நான் வெளிய வந்தத யாரும் பாக்கலையே."

 எங்களிடம் அப்படி ஒரு படிவமே இல்லை.

தவராசா ஐயாவுக்குப் போன் எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, "பின்னேரம் பவளத்தின்ர கடைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு வாங்கோ மேடம்," என்றார்.

போனோம். கடை நிறைய ஆட்கள்.

தவராசா ஐயா எழும்பி நின்றார். தலையைக் குனிந்துகொண்டு முணுமுணுத்தார்: "மாரிமுத்து எடுக்கேல்லை. நான்தான் பிழையாச் சொல்லிப்போட்டன்."

மாரிமுத்து அண்ணை முதல்முறையாக அவரை நேராகப் பார்த்தார். 

"ஐயா, கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. அந்தக் கடைசி பெஞ்சுல இருக்கவங்களுக்கும் கேக்கணும்."

சொன்னார். வீதியில் போன சைக்கிள்காரரே நின்று பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னார்!