உப்புக்கிட்ட என் சம்சாரம் சொன்ன சேதி

இன்னைக்குப் பௌர்ணமி. நிலா கிளம்பினதும் என் சம்சாரம் உப்பு டப்பாவும் ஒரு சொம்பு தண்ணியும் எடுத்துக்கினு மாடிக்குப் போனா.

எனக்கு சந்தேகம். பின்னாடியே போனேன். திருமலை சிறுத்தைக்கே என் காலடிச் சத்தம் கேக்காது!

ஒரு பிடி கல்லுப்ப வாய்கிட்ட வெச்சி குசுகுசுன்னு பேசிக்கினு கீறா.

"யாருக்குடி மந்திரம் போடுற?"

"மந்திரம் இல்லங்க. மனசுல இருக்கிற பாரத்த உப்புக்கிட்ட சொல்லி, தண்ணில கரைச்சி ஊத்திடணுமாம். போன் வீடியோல ஒரு அம்மா சொல்லிச்சி."

பாரமா? பங்காருபாளையம் மாங்கா மண்டியில நான் வாயத் தொறந்தா ஏலமே நின்னு கேக்கும். அப்பேர்ப்பட்ட என்னை விட்டுட்டு உப்புக்கிட்ட சொல்றாள்னா, கண்டிப்பா என்னைப் பத்தின சேதிதான்.

"என்கிட்ட சொன்னா இன்னா?"

"உப்பு குறுக்க பேசாது."

"சரி, நானும் பேசல. சொல்லு."

"போன மாசம் எங்க அண்ணன் வந்தப்ப நீங்க..."

"அது அப்படி இல்லடி! உங்க அண்ணன்தான் மொதல்ல..."

அவ இன்னொரு பிடி உப்பு அள்ளிக்கினு அந்தப் பக்கம் திரும்பிட்டா.

மிச்சம் இன்னா சொன்னாளோ, இன்னும் தெரியல. உங்க வீட்டம்மாவும் இன்னைக்கு மாடி ஏறியிருந்தா, காதுல எதுனா விழுந்துச்சான்னு கீழ கமெண்ட்ல எழுதுங்க.