எந்தத் 'தெரியல'?

போன வருடம் மாட்டுப் பொங்கலன்று, ஆந்திர எல்லைக்குள் இருக்கிற சத்தியவேட்டில், எங்கள் வீட்டிலேயே நடந்தது இது.

என் கணவர் ஊத்துக்கோட்டைப் பக்கம் பிறந்தவர், தமிழில் மட்டும் படித்தவர். கல்யாணமாகி இங்கே வந்து இத்தனை வருடமாகியும் தெலுங்கு சரளமாகப் பேசுவாரே தவிர, ஓர் எழுத்துகூடப் படிக்க வராது. பஸ் ஸ்டாண்டில் நின்றால் போர்டு படிப்பது என் வேலை.

"அதுல இன்னா போட்டுக்கீது?" என்பார்.

"நீயே படியேன்" என்று வம்புக்கு இழுப்பேன்.

"தெரியல" என்பார். இரண்டு பேரும் சிரிப்போம். எங்கள் வீட்டில் அது தீராத கேலி.

அன்று, திருப்பதியில் கண் பரிசோதனைப் படிப்பு படிக்கிற என் அக்கா மகள் வந்திருந்தாள். அவள் போனில் பார்வையைச் சோதிக்கும் ஆப் ஒன்று இருந்தது. திரையில் 'E' மாதிரி ஓர் உருவம் வரும். அதன் கால்கள் மேலே, கீழே, பக்கவாட்டில் என்று மாறி மாறித் திரும்பும். தள்ளி உட்கார்ந்து, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, கால் இருக்கிற பக்கம் கையைக் காட்ட வேண்டும். வடையைக் கடித்துக்கொண்டே எல்லோரும் விளையாட்டாகக் காட்டினோம்.

அவர் முறை வந்தது. வலது கண்ணால் தட்டுத்தடுமாறிச் சொல்லிவிட்டார். இடது கண்ணுக்கு, பெரிய உருவத்துக்கே கை எழவில்லை.

"சித்தப்பா, கால் எந்தப் பக்கம் கீது?"

"தெரியல."

பழக்க தோஷத்தில் நான் முந்திக்கொண்டேன். "யோவ், இது தெலுங்கு இல்லய்யா!"

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே உறைத்தது. இதில் தெலுங்கும் இல்லை, தமிழும் இல்லை. அப்படியென்றால் 'படிக்கத் தெரியல' என்பது 'கண்ணு தெரியல' என்று எப்போது மாறியது? பார்வை கொஞ்சம் கொஞ்சமாக மங்கியதால், மொழி வராததுதான் காரணம் என்று அவரும் நினைத்திருக்கிறார். தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற மனிதர்! கடித்த வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

"ஆப் சொல்றது முடிவு இல்ல சின்னம்மா. டாக்டராண்ட காட்டிடலாம்" என்றாள் அவள்.

திருப்பதிக்குப் போனோம். சர்க்கரை விழித்திரையைப் பாதித்திருந்தது. அவருக்குச் சர்க்கரை இருப்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். நல்ல வேளை இப்போதே வந்தீர்கள், இன்னும் விட்டிருந்தால் காப்பாற்றுவது கஷ்டம் என்றார் டாக்டர். ஊசி, லேசர், மாத்திரை என்று சில மாதங்கள் ஓடின. அதுவரை வண்டி ஓட்டாமல் வேறு வேலை பார்த்தார். இப்போது பழையபடி ஓட்டுகிறார். டீயில்தான் சர்க்கரை இல்லை, அதற்கு என்னிடம் தினமும் சண்டை.

போன மாதம் பரிசோதனை முடிந்து பஸ்ஸுக்கு நின்றோம். தூரத்தில் வந்த பஸ்ஸைக் காட்டினார்.

"இன்னா அது, எழுத்து தலைமேல எல்லாம் டிக் அடிச்சுக்கீறாங்க?"

தெலுங்கு எழுத்துகளின் உச்சியில் டிக் மாதிரி போடுகிற 'தலகட்டு' என்ற குறி அது. அவ்வளவு தூரத்திலிருந்து அது அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது! "இன்னா எழுத்துன்னு சொல்லு பாப்போம்" என்றேன்.

"தெரியல" என்றார்.

சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்போதெல்லாம் யார் 'தெரியல' என்று சொன்னாலும், எந்தத் தெரியல என்று கேட்டுவிட்டுத்தான் சிரிக்கிறேன்.