இரண்டு சிவப்புத் துணிகள்

இன்றைய சனிக்கிழமை நடையில் நான் மலையில் வழி தவறிவிட்டேன் என்று பிரிஞ்சாங் ஊர் முழுவதும் பேச்சு. அது தவறு. நான் முகட்டில்தான் நின்றேன். வழி தவறியவை பின்னால் வந்த இரண்டு குடும்பங்கள்.

குழந்தைகளோடு வருபவர்களுக்காகப் பாதை பிரியும் இடங்களில் நேற்றே சிவப்புத் துணி கட்டியிருந்தேன். கொழுந்து பறிக்கும் பெண்களும் தாங்கள் பறிக்கும் செடி வரிசைக்கு, அதாவது நிரைக்கு, அடையாளமாகச் சிவப்புத் துணியே கட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. இவர்கள் அந்தத் துணியை என்னுடையது என்று நம்பித் தேயிலைக்குள் இறங்கிவிட்டார்கள்.

அங்கே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த முனியம்மாதான் எல்லோரையும் முகட்டுக்கு அழைத்து வந்தார்.

"டீச்சர், அது எங்க நிரைத் துணி லா! புள்ளைங்கள வேலைக்கு அனுப்பிட்டீங்கன்னு நினைச்சேன்."

"முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?"

"நீங்க கேட்டாத்தானே!"

முனியம்மாவின் கூடையை முதுகில் மாட்டிப் பார்த்த பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம். அம்மாக்கள் மட்டும், "இனிமே வரமாட்டோம் டீச்சர்" என்றார்கள். பிள்ளைகள் இல்லாமல் எனக்கு அந்த நடை எதற்கு?

பிழை என்னுடையதுதான். அடுத்த சனிக்கிழமை மஞ்சள் துணி கட்டுவேன். முனியம்மாவிடம் கேட்டும்விட்டேன்; மஞ்சளை அங்கே யாரும் கட்டுவதில்லை.

பிள்ளைகளோடு வருகிறீர்களா, இல்லையா என்று, உங்கள் வீட்டுக்கு அனுப்பும் இந்தத் தாளின் கீழேயே எழுதுங்கள். பயமென்றால் பயமென்றே எழுதலாம்.