மாத்திரை போட்டியா?

என் மனைவி அன்பரசி மாரண்டஹள்ளி மண்டியில் தக்காளி தரம் பிரிக்கிறாள். கண் மூடித் திறப்பதற்குள் அழுகலையும் காயையும் ஒதுக்கிவிடுவாள். சில வருஷங்களுக்கு முன் அவளுக்கு மனநோய் வந்தது. தூக்கம் போய், ஓயாமல் பேசினாள். ஒரு நாள் வீட்டுப் பாத்திரங்களை எல்லாம் தெருவில் கொண்டுபோய்ப் போட்டாள். தர்மபுரியில் டாக்டரிடம் காட்டினோம். அன்றிலிருந்து சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மாத்திரை. மண்டி வேலை, சமையல், எங்கள் மகள் கவிப்பிரியாவின் படிப்பு எல்லாம் அவள் கையில்தான் நடக்கிறது.

சொந்தக்காரர்களுக்கு அது போதாது. அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தால் போதும், "மாத்திரை போட்டியா?" என்பார்கள். குழம்பில் உப்பு ஜாஸ்தி என்று சொன்னாலும் மாத்திரை. கடைக்காரரிடம் எடையில் ஏன் ஏமாற்றுகிறீர்கள் என்று கேட்டாலும் மாத்திரை. கோபப்படுகிற உரிமையையே அவளிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள், பாவிகள்.

போன மாதம் பாப்பாரப்பட்டியில் அவள் தம்பி தமிழ்ச்செல்வனின் குழந்தைக்குத் தொட்டில் போட்டார்கள். அத்தைதான் குழந்தையை மடியில் வாங்கி, காதில் பெயர் சொல்லித் தொட்டிலில் போட வேண்டும். அதற்காகவே அன்பரசி புதுப் புடவை கட்டி வந்திருந்தாள். தம்பியின் மாமியார் சின்னம்மாள் குழந்தையைத் தூக்கிப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் மடியில் வைத்தார்.

"அத்தைக்காரி நான் இங்க இருக்கறனுங்க," என்றாள் அன்பரசி.

"தப்பா நெனைக்காத கண்ணு. திடீர்னு உனக்கு ஏதாச்சும் ஆயி, புள்ளைய கீழ போட்டுட்டீன்னா?"

"நானும் ஒரு புள்ளைய பெத்து வளத்தவதான். எதுக்குங்க கீழ போடறேன்?" அவள் குரல் உயர்ந்தது.

தமிழ்ச்செல்வன் ஓடிவந்தான். "அக்கா, மாத்திரை போட்டியா?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வாய்க்கு வந்தபடி திட்டினேன். சீர்த்தட்டை எட்டி உதைத்தேன். வெல்லமும் வாழைப்பழமும் சுவரோரம் போய் விழுந்தன. மச்சினன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். மாத்திரை போட்டாயா என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை.

"அவுருக்கு ரோசம் ஜாஸ்தி," என்று சின்னம்மாள் மரியாதையாகச் சொன்னார். நாற்காலி போட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். என்னைச் சமாதானப்படுத்த, கைகால் நடுங்க உட்கார்ந்திருந்த என் மடியில் குழந்தையைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

நான் குழந்தையை அன்பரசியிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"நீங்களே வெச்சுக்குங்க," என்றாள். "நீங்கதான் மாத்திரை போடறதில்லையே."