கோன் ஃபில்டர் போட்ட நாள்கள்

போன ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரி டீக்கடையில் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவராம். முழங்கால் வலி, வரி, அரசியல் என்று எதையாவது கேட்பார் என்று பார்த்தால்...

“ஏனுங்க, வண்டிக்கு ஏர் ஃபில்டர் மாத்தலாம்னு இருக்கறனுங்க. கோன் ஃபில்டர் போடலாமுங்களா?”

போடலாம், போட வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். முடியவில்லை. டீ ஆறும் வரை யோசித்துவிட்டு, “எழுதறனுங்க” என்று வந்துவிட்டேன்.

இதோ எழுதுகிறேன்.

என்னுடையது பதினோரு வருஷத்து பைக். எங்கள் ஊர் அரவேணு. காலையில் மனைவி சாந்தாமணியை வழியில் அவள் வேலை பார்க்கும் பள்ளியில் இறக்கிவிட்டு, நான் குன்னூர்ப் பக்கம் தொழிற்சாலைக்குப் போவேன். அரை மணி நேரப் பயணம். இருபுறமும் தேயிலை. பனி இறங்கிவிட்டால் அதுவும் இல்லை. வெள்ளையாக ஒன்று, அதற்குள் நாங்கள் இருவர். ரோடு இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் வண்டி போகும்.

எங்கள் முக்கியமான பேச்செல்லாம் அந்த வெள்ளைக்குள்தான் நடந்திருக்கிறது. வீட்டில் குக்கர் கத்தும், டி.வி. கத்தும். வண்டியில் முகம் பார்க்க வேண்டியதில்லை பாருங்கள்... உண்மை சுலபமாக வரும். எனக்கு ஆபீஸில் மெமோ கொடுத்ததை அவளிடம் சொன்னது ஒரு வளைவில். அவள் அப்பாவுக்கு ஆபரேஷன் என்று அவள் சொன்னது இன்னொரு வளைவில்.

இப்படிப்பட்ட வண்டி ஏற்றத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. மெக்கானிக் ரஃபீக்கிடம் கொண்டுபோனேன்.

“நம்ம மலைல காத்து லேசுங்க. பெட்ரோல் அதே அளவு எறங்குது, காத்து பத்தலை. அதான் தெணறுது” என்றார். மூன்று வழி சொன்னார். கம்பெனி ஃபில்டரையே புதிதாகப் போடலாம். ஃபில்டர் இருக்கும் அதே பெட்டிக்குள் உட்காருகிற, கழுவிக்கொள்ளக்கூடிய காட்டன் ஃபில்டர் வாங்கலாம். இல்லாவிட்டால் பெட்டியையே கழற்றிவிட்டு, கூம்பு மாதிரி இருக்கும் கோன் ஃபில்டரைத் திறந்தபடி மாட்டலாம்.

“கோன் போட்டா சத்தம் வருமுங்க” என்றும் சொன்னார்.

ஐம்பத்திரண்டு வயதில் ஒருவன் எதைத் தேர்ந்தெடுப்பான்? சத்தத்தைத்தான்.

முதல் நாள் ஆக்ஸிலேட்டரைத் திருகியதும் சீட்டுக்கு அடியிலிருந்து ஆழமான ஓர் உறுமல். ஏற்றத்தில் வண்டி மிதந்தது. தைல மர வாசனை, கன்னத்தில் ஈரம், காது நிறைய அந்தச் சத்தம்... வேலைக்குப் போகிறேனா, கனவுக்குள் போகிறேனா என்று தெரியாது. பின்னால் சாந்தா என்னவோ சொல்வாள். பாதி வார்த்தை காற்றில் போகும். நான் சும்மா தலையாட்டுவேன். சில நாளில் அவளும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அடடா, எவ்வளவு நிம்மதி என்று நினைத்தேன்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. ஒரு நாள் சாந்தாவை இறக்கிவிட்டுக் கிளம்பும்போது, அவளோடு வேலை பார்க்கும் கலா டீச்சர் பள்ளி கேட்டில் என்னை நிறுத்தினார்.

“சார், உங்களைத்தான் ஸ்டாஃப் ரூம்ல பேசிட்டிருந்தோம். டீச்சருக்கு எச்.எம். ப்ரமோஷன், தேவாலாவுலன்னு சொன்னதும் உடனே சரின்னு தலையாட்டிட்டீங்களாமே. எங்க ஊட்டுக்காரரா இருந்தா ஒரு வாரத்துக்குச் சோறு எறங்காதுங்க.”

எனக்குச் சிரிப்பு மட்டும் வந்தது.

தேவாலா! அரவேணுவிலிருந்து ஊட்டி ஏறி, கூடலூர் இறங்கி, அதையும் தாண்டி. தினமும் போய்வரும் தூரமா அது? வாடகை வீடு பார்த்து அங்கேயே தங்க வேண்டும். நான் எப்போது தலையாட்டினேன்?

உடனே போய்க் கேட்டிருப்பேன். ஒரு விஷயம் தடுத்தது. நாலு வருஷத்துக்கு முன்பும் அவளுக்கு இதே பதவி உயர்வு வந்தது. “உன் இஷ்டம்” என்றேன். நான் சொன்ன விதத்தைப் பார்த்தே, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த ஒரு வார்த்தை பேசாததுதான் இத்தனை வருஷமும் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

இப்போது போய், “எனக்குக் கேட்கவில்லை” என்று சொன்னால் என்ன அர்த்தம்? மறுபடியும் எழுதிக் கொடு என்றுதானே?

அன்று மாலை வண்டியில் ஏறும்போது தோளில் கை வைத்தாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கனமாக. நான் வாயைத் திறக்கவில்லை. செய்யாத ஒரு நல்ல காரியத்துக்கு நல்ல பேர் வாங்கியவன் வேறென்ன செய்வான்?

ஜூனில் அவள் பெட்டி கட்டினாள். கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பியதும் ரஃபீக்கிடம் போனேன். பழைய ஃபில்டர் பெட்டியை மாட்டி, காட்டன் ஃபில்டர் போடச் சொன்னேன்.

“ஏனுங்க, சத்தம் சலிச்சுப் போச்சுங்களா?”

“வாராவாரம் தேவாலா போகணும் ரஃபீக். அங்க மழை.”

“அது சரிதானுங்க. தொறந்து கெடந்தா காத்துக்கு முன்னால தண்ணியைக் குடிச்சுருமுங்க.”

நியாயமான காரணம். உண்மையான காரணத்தை அவரிடம் சொல்லவில்லை.

முதல் சனிக்கிழமை அவளை அழைத்துவரப் போனேன். திரும்பும் வழியில், கூடலூர் தாண்டி நடுவட்டம் ஏற்றம். மழை நின்று, பள்ளத்திலிருந்து பனி மெல்ல எழுந்து ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது. வண்டி சாதுவாக முனகியது. மரத்திலிருந்து சொட்டும் தண்ணீர்கூடக் கேட்டது. சாந்தா பள்ளியைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். ஒன்றாம் வகுப்பில் ஒன்பது பேர், ஒருத்தி மலையாளத்தில்தான் அழுவாளாம். அவள் குரலில் இப்படியொரு துள்ளல் கேட்டு எத்தனை வருஷமாயிற்று... சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

“சாந்தா, நீ தேவாலா போகட்டான்னு கேட்டப்போ எனக்கு ஒண்ணுமே கேக்கலை. சும்மாதான் தலையாட்டினேன்.”

இரண்டு கொண்டை ஊசி வளைவுகள் போயின.

“தெரியுமுங்க” என்றாள்.

பிரேக்கை மிதித்தே விட்டேன்.

“கண்ணாடில உங்க மொகம் தெரிஞ்சுது. ரோட்டைப் பாத்துத் தானாச் சிரிச்சுட்டு வந்தீங்க. காதுல ஒண்ணும் ஏறலைன்னு தெரிஞ்சுதான் அப்பக் கேட்டேன்.”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், இல்லையா? தோள் குலுங்கியது. சிரிப்பது அவளா, நானா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

“நாளைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கே கிளம்பி என்னைக் கொண்டுபோயி உட்டுருங்க. இதாவது கேட்டுச்சுங்களா?”

நன்றாகவே கேட்டது.