முருகன் பக்கத்து வீட்டுக்காரர்

போன செவ்வாய்க்கிழமை ஒரு ஜெர்மன் நகரசபைக் கூட்டத்தில் விசிலடித்துவிட்டேன். காவலாளி முறைத்தார். முறைக்கட்டுமே! அடிக்காமல் எப்படி இருப்பது?

விஷயம் இதுதான். பிராங்பேர்ட்டிலிருந்து எஸ்-பான் ரயிலில் அரை மணி நேரம் போனால் எங்கள் முருகன் கோயில். கோபுரமெல்லாம் கிடையாது. பழைய டயர் குடோன். 'மேளச் சத்தம் ஊருக்குள் ஆகாது' என்று நகரசபையே அந்தத் தொழிற்பேட்டைக்கு அனுப்பிவைத்தது. அடுத்த மனையில் ஒரு தடுப்புச் சிறை. உள்ளே இருப்பவர்கள் திருடவில்லை, யாரையும் அடிக்கவில்லை. அகதி மனு தள்ளுபடியாகி, திருப்பி அனுப்பும் விமானத்துக்காகக் காத்திருப்பவர்கள். அந்தச் சிறையைப் பெரிதாக்க அரசாங்கம் ஒரு திட்டத்தை நகரசபை வாக்கெடுப்புக்கு அனுப்பியிருந்தது — இந்த முறை குழந்தைகுட்டியோடு குடும்பங்களையும் அடைக்க.

அதைத் தடுக்க ஆள் திரட்டிய ஊர்ப் பாதிரியார் எங்கள் கோயிலுக்கும் வந்தார். கோயில் தலைவர் சிவம் அண்ணை நெளிந்தார்.

"எங்களுக்கேன் இந்த வில்லங்கம்? பிறகு கோயிலையும் இஞ்சையிருந்து எழும்பச் சொல்லுவாங்கள்."

மடப்பள்ளியில் வடை சுட்டுக்கொண்டிருந்த ராணி அக்கா கரண்டியோடு வெளியே வந்தார்.

"அண்ணை, பூசைக்கு மணி அடிக்கேக்க அங்கால யன்னல் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு ஆக்கள் பாக்கினம். இனிப் பிள்ளையளும் நிண்டு பாக்கப்போகுதுகள். எனக்கெண்டா கண்ணை மூடிக் கும்பிட ஏலாது. உங்களுக்கு ஏலுமோ?"

அண்ணை விளக்குத் திரியைத் தூண்டப் போய்விட்டார். நான் துள்ளினேன். "அக்கா, பவர்பாயிண்ட்ல சூப்பரா ஒரு பிரசன்டேஷன் பண்ணித் தரேன்..."

"தம்பி, நீர் ஆக்களை ஏத்தக் காரைக் கொண்டுவாரும். அது காணும், வேற ஒண்டும் வேண்டாம்."

கொண்டுபோனேன். நகரசபைக் கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் நேரத்தில் பாதிரியார் உருக்கமாகப் பேசினார். ஓர் உறுப்பினர் சிரித்துக்கொண்டே கேட்டார் — உங்கள் தேவாலயம் ஊர் நடுவில் அல்லவா இருக்கிறது? தொழிற்பேட்டையில் யார் குடியிருக்கிறார்கள்? யாருக்கு என்ன இடைஞ்சல்?

பாதிரியார் குறிப்புத் தாள்களைப் புரட்டினார். எங்கள் வரிசையில் ஒரு பட்டுச்சேலை சரசரத்தது. ராணி அக்கா!

"முருகன் குடியிருக்கிறார்," என்றார், கணீரென்ற ஜெர்மனில். "சத்தம் போடுவார் என்று அவரை அங்கே அனுப்பியது நீங்கள். நாங்கள்தான் பக்கத்து வீடு. எங்களை ஒருவரும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் குழந்தைகளைப் பூட்ட விடமாட்டோம்."

ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. சிவம் அண்ணை எழுந்து நின்றார். அவரைப் பார்த்து வரிசை முழுக்க.

வாக்கெடுப்பு. கைகளை எண்ணி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது... திட்டம் தோற்றது! அப்போதுதான் அந்த விசில்.

யோசித்துப் பாருங்கள். வேண்டாதவர்களை எல்லாம் ஊர்கள் ஒரே ஓரத்துக்குத் தள்ளுகின்றன. அங்கே நாம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம் என்பது மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை!

நேற்று பாதிரியார் போன் செய்தார். அரசாங்கம் இப்போது வேறு ஊரில் இடம் தேடுகிறதாம். அக்காவிடம் சொன்னேன்.

"அங்கை கோயில் இருக்கோ?"

"இல்லக்கா. பக்கத்துல மசூதி ஒண்ணு இருக்காம்."

"பிறகென்ன? வாறம் எண்டு சொல்லும்!"